ஒரு சட்டி மட்டும் பச்சை

அத்தியாயம் 4

முதல் மூன்று அத்தியாயங்களையும் படிக்காமல் நேரே இங்கே வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவற்றில் துப்பறியும் ஸ்டெனி காணாமல் போன ஒரு ஸ்கூட்டரைத் தேடினாள். அது சொந்தக்காரரின் மச்சினன் வீட்டு முற்றத்தில், சாவியோடு, சும்மா நின்றது. இந்த அத்தியாயம் அப்படியல்ல. இதில் சடலங்கள் உண்டு.

2011 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. விட்டுவிட்டுப் பெய்த மழையில் ஸ்டெனியின் பைக் திருவட்டாறு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் உதவியாளன் பெனின். அவனுக்கு வண்டி ஓட்டவும் வாய் பேசவும் சேர்த்துத்தான் சம்பளம். இரண்டாவது வேலையில் அவன் கூடுதல் அக்கறை காட்டினான்.

"அக்கா, செத்தது ஆருன்னு இதுவரை சொல்லல்லியே."

"ஆந்தூரியம்."

"ஆந்தூரியமா? நம்ம சபைக்காரியா?"

"செடி, மக்கா. பூச்செடி."

பெனின் வண்டியை மெதுவாக்கினான். "ஒரு செடிக்கா நாம இத்தற மழையில வாறோம்? பிணத்தை எடுத்தாச்சா, இல்ல நாம போய்த்தான் எடுக்கணுமா?"

"நாளைக்குச் சாகப்போறது ஒரு கல்யாணம். அதைத் தடுக்கத்தான் போறோம். ரோட்டைப் பாரு."

ஸ்டெனி ஒரு மேல்நிலைப்பள்ளியில் தாவரவியல் டீச்சராக இருந்தவள். கேள்வித்தாளை வெளியே விட்டது யார் என்று ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னாள். அது தாளாளரின் மருமகன் என்பதால் அவளுக்கு வேலை போனது. கண்டுபிடிக்கிற திறமை மிச்சமிருந்தது. தக்கலையில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். வருகிறவர்களில் பாதிப் பேர் பப்ஸ் கேட்டுத்தான் வந்தார்கள்.

நேற்று வந்தவன் பப்ஸ் கேட்கவில்லை. பெயர் அனிஷ். மஸ்கட்டில் வேலை, லீவில் வந்திருக்கிறான். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவனுக்கும் பக்கத்து வீட்டு லீமாவுக்கும் கல்யாணம். அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை உண்டா என்று போதகரான ஐயர் ஆராதனையில் சபையைப் பார்த்துக் கேட்பார். இரண்டு ஓலை முடிந்துவிட்டது. நாளைக்கு மூன்றாவது.

"நாளைக்கு எழும்பி நின்னு தடை சொல்லப்போறேன்னு ஒராள் சொல்லுகா," என்றான் அனிஷ்.

"பழைய காதலியா?" என்றான் பெனின்.

"எனக்க அம்மை."

சபை தொடங்கிய நாளிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவே ஓலைக்குத் தடை சொன்ன வழக்கம் இல்லை. ஆனால் அனிஷின் அம்மா நேசபாய் வழக்கத்தைப் பார்த்து நடக்கிறவர் அல்ல. மகன் கல்யாணத்துப் பொக்கேக்கென்றே மூன்று வருடமாக வளர்த்த ஆந்தூரியம் கருகிப்போனது. கருக்கியது சம்மந்தி டைட்டஸ் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செடியைக் கொல்லுகிறவர் வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நாளைக்குக் கல்யாணம் நின்றால் அனிஷுக்கு அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. அதுவரை லீமாவின் வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. ஸ்டெனிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெனினுக்கும்தான், ஆனால் பப்ஸ் தின்ற மும்முரத்தில் செத்தது யார் என்பதை மட்டும் அவன் காதில் வாங்கவில்லை.

நேசபாய் வாசலிலேயே நின்றார். சபையின் பெண்கள் ஐக்கியத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். அந்த மிடுக்கு நிற்கும் தோரணையிலேயே தெரிந்தது.

"நீங்கதான் டிடெக்டிவா? வாங்கோ. ஆளு ஆருன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து அதை எழுதிக் கையெழுத்து போட்டுத் தந்தா போதும்."

"முதல்ல செடியைப் பாக்கேன் மாமி."

வீட்டின் பக்கவாட்டில் அகலமான சன்ஷேடுக்குக் கீழே, சுவரை விட்டு நாலடி தள்ளி, மண்சட்டிகள் ஒரே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேங்காய்த் தொண்டும் செங்கல் துண்டும் நிரப்பி ஆந்தூரியம் வைத்திருந்தது. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தன. இலைகளின் ஓரம் பூராவும் காப்பிப்பொடி நிறத்தில் கருகி, சிவப்புப் பூக்களின் விளிம்பும் சுருண்டு கிடந்தது. நடுவில் ஒரே ஒரு சட்டி மட்டும் பச்சைப் பசேலென்று, நாலு பூவோடு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றது. சட்டியின் மேல் வெள்ளை பெயிண்டில் 'லீமா' என்று எழுதியிருந்தது.

"கண்டியளா?" என்றார் நேசபாய். "நிச்சயத்தன்னைக்கு அந்தப் பிள்ளை கொண்டுவந்து தந்த சட்டி. எல்லாத்தையும் கரிச்சவன் மோளுக்க சட்டியை மட்டும் விட்டிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அவனுக்கு ரப்பர் இருக்கு. பால் உறைய ஊத்துத ஆசிட் குப்பி குப்பியா வச்சிருக்கான். நான் கண்டிருக்கேன்."

ஸ்டெனி குந்தி உட்கார்ந்து ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொன்றையும் பிடித்தாள். தலையைத் தூக்கிச் சன்ஷேடைப் பார்த்தாள். பிறகு சட்டிகளுக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருந்த புல்லைப் பார்த்தாள். புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஆசிட் இல்ல மாமி," என்றாள்.

"நீங்க எப்பிடி சொல்லுகிய?"

"ஆசிட் எங்க விழுதோ அங்க பொத்தல் போடும். மூத்த இலை, குருத்து, பூ எதையும் பாக்காது. இஞ்ச பாருங்கோ, போனது ஒக்க, எல்லாமே மூத்த இலையும் பழைய பூவும். அதுலயும் ஓரம் மட்டும்தான், நடுவுல பச்சை. குருத்துல ஒரு கீறல் இல்ல. ஆசிட் ஊத்தினா அது கலவரம். இது ஒழுங்கா வரிசையில போற பவனி."

"பவனி நடத்தினது ஆரு?"

"செடியேதான். இந்த ஓரத்துல இருந்த செல்லை எல்லாம் வெளியிலிருந்து ஆரும் கொல்லல்ல. செடிக்கு ஒரு பெரிய கஷ்டம் வந்திருக்கு. மொத்தமும் போகாம இருக்க, மூத்த இலையில ஓரமா இருந்த செல்லு தன்னைத்தானே முடிச்சுக்கிட்டிருக்கு."

நேசபாய் நெஞ்சில் கை வைத்தார். "எனக்க செடி தற்கொலை செய்யாது. நான் அதுகளுக்கு தெனமும் காலம்பற பாட்டு பாடுகேன்."

"அப்பம் காரணம் கிடைச்சாச்சு அக்கா," என்றான் பெனின்.

ஸ்டெனி அவனை முறைத்தாள். செங்கல் துண்டுகளின் மேலே, சட்டியின் விளிம்பிலும், வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஒரு துண்டை எடுத்துப் பெனினிடம் நீட்டினாள்.

"நக்கிப் பாரு."

"விஷம்னா?"

"அப்பம் கேசு முடிஞ்சுது. கொலைன்னு தெரிஞ்சுபோவும்."

பெனின் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினான். மூடிய கண் மெதுவாகத் திறந்தது. "உப்பு. நல்ல கல்லுப்பு. ஒரு மாங்கா இருந்தா கொள்ளாம்."

ஸ்டெனிக்கு முகம் மலர்ந்தது. அவள் நினைத்தது அதுதான். வேரைச் சுற்றி உப்பு சேர்ந்தால், தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியாது. உள்ளே வந்துவிட்ட உப்பை அது மூத்த இலைகளின் ஓரத்துக்குத் தள்ளும். ஆசிட் இல்லை என்று நிரூபித்தாயிற்று, டைட்டஸ் தப்பினார் என்று அவள் திரும்பியபோது நேசபாய் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உப்பா? நல்லதாப்போச்சு. டைட்டஸுக்க ஷெட்டுல அரைச்சாக்கு உப்பு இருக்கு. நேத்துகூடப் பாத்தேன்."

சொல்லிவிட்டு அவர் அந்தச் செய்தியைப் பெண்கள் ஐக்கியத்துக்குத் தெரிவிக்கச் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அக்கா, நாம ஆருக்க பக்கம்?" என்றான் பெனின். "வந்தப்பம் அந்த மாமா மேல சந்தேகம்தான் இருந்துது. நாம வந்து பத்து நிமிஷத்துல சாக்கோட பிடிச்சுக் குடுத்தாச்சு."

ஸ்டெனி அவன் கையிலிருந்த செங்கல் துண்டை வாங்கிச் சட்டியில் போட்டாள். 

"இன்னொரு காரியம்," என்றான் அவன், நாக்கைச் சப்பிக்கொண்டே. "அந்த மாமி இருந்ததுனால சொல்லல்ல. உப்புக்க கூட வேற ஒரு ருசியும் உண்டு. கிராம்பு."

"நெசமாவா?"

"எங்க வீட்டுல பல்லுவலின்னா கிராம்புதான். எனக்குத் தெரியாதா?"

ஸ்டெனி எழுந்து நின்றாள். செடியைக் கொல்ல வந்தவன் உப்பு போட்டது சரி. அதை மணமாகக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஒருவன் பகையாளியின் செடியைக் கருக்க வரும்போது கிராம்பு தட்டிப் போட்டு எடுத்துவர மாட்டான். இதை அன்போடு யாரோ தயாரித்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டதால் வெளியே சொல்லவில்லை.

டைட்டஸின் வீடு மதிலுக்கு அந்தப் பக்கம்தான். ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டில் அவர் நின்றார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். மூலையில் உப்புச்சாக்கு இருந்தது, மறைக்கக்கூட இல்லை.

"தெங்குமூட்டுல போடதுக்கு வச்சது," என்று வெளியே தென்னையின் அடியைக் காட்டினார். "இஞ்ச எல்லாரும் போடுவாவ. தெங்குக்கு உப்பு நல்லது. அந்த ஆந்தூரியத்தை நான் தொட்டதுகூட இல்ல பிள்ளே."

பெனின் உத்தரவில்லாமலே ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டான். "வெறும் உப்பு," என்று காதோடு சொன்னான். "கிராம்பு இல்ல. அக்கா, இப்படியே போனா எனக்கு மத்தியானம் சோறு வேண்டாம்."

உள்ளேயிருந்து கருவாடு வறுக்கும் மணம் வந்தது. டைட்டஸின் மனைவி செல்லத்தாய் கரண்டியோடு எட்டிப்பார்த்தார். அந்த நொடியில் டைட்டஸின் கை சட்டைப்பையை மூடியது. மூடுவதற்குள் ஒரு மாத்திரை அட்டையின் வெள்ளி விளிம்பை ஸ்டெனி பார்த்துவிட்டாள்.

"என்ன மாத்திரை மாமா?" என்று செல்லத்தாய் போனபின் கேட்டாள்.

"கேஸ். வாயு." பார்வை எங்கோ போனது.

"சாயங்காலம் நேசபாய் மாமி வீட்டுக்குப் போவியளா?"

"போகாம இருக்க ஒக்குமா? கேரல் பிராக்டீஸ் உண்டே. எல்லா வருசமும் சபை ஹால்லதான். இந்த வருசம் ஹாலுக்கு ஓடு மாத்துகாவ. அதுனால ஒரு மாசமா நேசக்கா வீட்டுலதான் பிராக்டீஸ். அவிய என்னைக் கொலைகாரன்னு சொன்னாலும், கீழ்சுருதியில பேஸ் பாட வேற ஆளு இல்லன்னு கொயர் மாஸ்டர் விடமாட்டேங்காரு." அவர் குரல் இன்னும் கிணற்றுக்குள் இறங்கியது. "எனக்க மோள் நேத்துல இருந்து ஒண்ணும் தின்னல்ல. என்னத்த செய்யதுன்னு எனக்குத் தெரியல்ல பிள்ளே."

திரும்பி வரும்போது ஸ்டெனி மதிலோரம் நின்றுவிட்டாள்.

"பெனின், செடி கரிய ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு அனிஷ் சொன்னான்?"

"ஒரு மாசத்துக்குள்ள."

"பிராக்டீஸ் இஞ்ச வந்து?"

"ஒரு மாசம்." பெனின் யோசித்தான். "பாட்டு கேட்டு ஒரு செடி சாவும்னா, நான் சின்னப்பிள்ளையில பாடினதுக்கு எங்க தோட்டமே இருக்கப்படாது."

"பாட்டு இல்ல மக்கா. பாட்டுக்கு முன்னால என்ன நடக்குன்னு பாக்கணும். சாயங்காலம்வரை இஞ்சயே இருப்போம்."

சாயங்காலம் ஆறரைக்குச் சொல்லிவைத்தாற்போல் கரண்ட் போனது. அந்த வருடம் தமிழ்நாட்டில் தவறாமல் நடந்தது அது ஒன்றுதான். மழையும் கூடவே வலுத்தது. ஸ்டெனியும் பெனினும் வீட்டின் பக்கவாட்டில், கோழிக்கூட்டுக்குப் பின்னால், சன்ஷேடு முடிகிற மூலையில் ஒடுங்கி நின்றார்கள். கூட்டின் கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் முழுவதும் பெனினின் தலையில்தான் விழுந்தது.

முதலில் காலடிச் சத்தம் கேட்டது. ஆண்கள் ஒவ்வொருவராக மழைக்கு ஒதுங்கிச் சன்ஷேடுக்குக் கீழே வந்து வரிசையாக நின்றார்கள். இருட்டில் முகம் தெரியவில்லை. யாரும் பேசவில்லை. டம்ளர் உரசும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு கட்டளைக் குரல்.

"தலையை மேல தூக்கணும். ஒண்ணு, ரெண்டு."

அதைத் தொடர்ந்து எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். பத்துப் பன்னிரண்டு தொண்டைகள் ஒரே சுருதியில் கொரகொரவென்றன. டெனர் மேலே, பேஸ் கீழே. பெனின் ஸ்டெனியின் கையைப் பிடித்துக்கொண்டான். சத்தம் நின்றது. எல்லோரும் ஒன்றாக முன்னால் குனிந்தார்கள்.

ஸ்டெனி டார்ச்சை அடித்தாள்.

சபையின் மரியாதைக்குரிய ஆண்கள் அனைவரும், கன்னம் உப்பி, ஆளுக்கொரு சட்டிக்கு நேரே குனிந்த நிலையில் அப்படியே நின்றார்கள். சிலர் துப்பிவிட்டார்கள். சிலர் வெளிச்சத்தைப் பார்த்த பயத்தில் விழுங்கிவிட்டார்கள்.

"ஆரது?" என்றார் கொயர் மாஸ்டர் ஞானையன். அவர் மட்டும் விறைப்பாக நின்றார். "கொப்பளிப்பு நடக்கப்பம் டார்ச் அடிக்கப்படாது. மூச்சு தப்பும்."

"கையில என்ன வெள்ளம் மாஸ்டர்?" என்று டம்ளர் தண்ணீரைக் காட்டிக் கேட்டாள் ஸ்டெனி.

"உப்பும் கிராம்பும் போட்டுக் காய்ச்சினது. கரண்ட் இல்லாத நேரம் கீபோர்டு வேலை செய்யாது. அந்த நேரத்தை வீணாக்கப்படாதுன்னு நான்தான் வச்ச ஏற்பாடு. பெண்கள் முன்பக்கக் குழாயில, ஆண்கள் இஞ்ச. தெனமும் உண்டு."

"காய்ச்சித் தாறது ஆரு?"

அதற்குள் நேசபாயே மெழுகுவர்த்தியோடும் ஆவி பறக்கும் செம்போடும் அடுக்களை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் முதலில் பெருமைதான் இருந்தது. "நான்தான். ரெண்டு பிடி கல்லுப்பு, ஒரு கை கிராம்பு. அதுக்கு என்ன?" டார்ச் வெளிச்சம் சட்டிகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நேசபாயின் பார்வையும் கூடவே நகர்ந்தது. செம்பு கொஞ்சம் சாய்ந்தது. "நான் அடுக்களையில காப்பி போட்டுட்டு நிப்பேன். அவிய வெளிய மழையில துப்புவாவன்னு நினைச்சேன்."

"மழையில நனைஞ்சா தொண்டை கட்டும்," என்றார் ஞானையன், அடிப்படை தெரியாதவர்களுக்கு விளக்குகிறவர்போல.

பெனினின் முகம் அப்போதுதான் மாறியது. காலையில் நக்கிய செங்கல் துண்டு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் ஒன்றும் சொல்லாமல் முன்பக்கக் குழாயை நோக்கி ஓடினான். இந்த நாவலில் அவன் வாயடைத்துப் போகிற ஒரே இடம் இது. வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

டார்ச் வெளிச்சம் வரிசையின் நடுவில் நின்றது. பச்சைச் சட்டிக்கு நேரே டைட்டஸ் நின்றுகொண்டிருந்தார். எல்லோர் கையிலும் எவர்சில்வர் டம்ளர். அவர் கையில் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் குப்பி.

"தெனமும் இதே இடத்துலதான் நிப்பியளா மாமா?"

"ஆமா. எனக்க மோளுக்க சட்டி. பாத்துட்டே நிக்கலாம்லா."

ஸ்டெனி குப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பச்சைத் தண்ணீர்.

நேசபாய் செம்பைக் கீழே வைத்தார். தோற்கிற நேரத்தில் அவருக்கு மூளை இரட்டிப்பாக வேலை செய்யும். "கேட்டியளா? எல்லாரும் உப்பு வெள்ளம், இவன் மட்டும் பச்சை வெள்ளம். உப்பு செடியைக் கொல்லும்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. மோளுக்க சட்டியைக் காப்பாத்திட்டு எனக்கதை எல்லாம் சாகவிட்டுட்டு நின்னு பாத்திருக்கான். நாளைக்கு இதையும் சேத்து சொல்லுவேன்."

 பாடவந்த பெண்களெல்லாம் முன்பக்கத்திலிருந்து வந்து கூடிவிட்டார்கள். அவர்களில் செல்லத்தாயும் இருந்தார், பின்னால் லீமாவும் அனிஷும் நின்றார்கள். டைட்டஸ் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். வேர்த்து வழிந்தது.

"சட்டைப்பையில இருக்கதை எடுங்கோ மாமா," என்றாள் ஸ்டெனி மெதுவாக. "அது வாயு மாத்திரை இல்லன்னு எனக்குத் தெரியும். உங்க மோளுக்க கல்யாணமா, உங்க கருவாடா, நீங்களே சொல்லுங்கோ."

டைட்டஸ் கொஞ்சம் யோசித்தார் என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார்.

"பிரஷர்," என்றார். "மூணு மாசமாச்சு. உப்பைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரு. குறைச்சேன்."

"எதுல குறைச்சிய?" என்று கேட்டது செல்லத்தாய்.

"கொப்பளிக்கதுல."

"கருவாட்டுல?"

"அதுல பின்னால குறைக்கலாம்னு இருந்தேன். உன்கிட்ட சொன்னா நீ அன்னைக்கே நிறுத்திப்போடுவே."

செல்லத்தாய் அட்டையை வாங்கி, மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணத் தொடங்கினார். எண்ணியதுதான் டைட்டஸுக்குப் பயமாக இருந்தது. ஞானையனுக்கோ வேறு மனவருத்தம். "அப்பம் ஒரு மாசமா பச்சை வெள்ளத்துல கொப்பளிச்சுட்டா நீரு பாடினீரு? அதான் ரெண்டாம் சரணத்துல இழுத்துது," என்றார்.

நேசபாய் சட்டி வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். "அப்பம் கொன்னது நானா," என்றார். குரலில் அதிகாரம் இல்லை. மூன்று வருடம் வளர்த்தவரின் குரல் அது. கேட்டவர்களுக்கு நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது.

ஸ்டெனியும் பக்கத்தில் குந்தினாள். கருகிய இலைகளை இரண்டு கையாலும் விலக்கி, டார்ச்சை நடுவில் காட்டினாள். அடியில், விரல் நீளத்துக்கு, வெளிர்பச்சையில் ஒரு குருத்து சுருண்டு நின்றது.

"சாகல்ல மாமி. இந்த ஓரத்துல இருந்த செல்லு சும்மா சாகல்ல. தன்கிட்ட இருந்த நல்லதை எல்லாம் எடுத்து குருத்துக்கு அனுப்பிட்டு, உப்பைத் தான் வாங்கிவச்சுட்டுதான் போயிருக்கு. மழையில தூக்கி வச்சு நல்லா வெள்ளம் விட்டா உப்பு கரைஞ்சு போவும். தழைச்சு வரும்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இத்தற இலை கரிஞ்சிருக்கே, இதுல ஒண்ணுகூட குருத்தைப் பலி கொடுத்துட்டுத் தான் பிழைக்கணும்னு பாக்கல்ல."

அது தனக்குச் சொன்னது என்று நேசபாய்க்கு விளங்கியது. விளங்காததுபோல எழுந்தார். ஒரு சட்டியைத் தூக்கினார். அனிஷ் ஓடிவந்து கை கொடுத்தான், அவர் தள்ளிவிட்டார். ஒவ்வொரு சட்டியாக அவரே சுமந்து கொட்டுகிற மழையில் கொண்டுபோய் வைத்தார். லீமா கேட்காமலே மறுமுனையிலிருந்து தூக்கத் தொடங்கினாள். அவளை மட்டும் நேசபாய் தடுக்கவில்லை.

"நாளைக்கு என்ன செய்யப்போறிய மாமி?" என்று ஸ்டெனி கேட்டாள்.

"அது நாளைக்குத்தானே," என்றார் நேசபாய், முந்தானையைப் பிழிந்துகொண்டே.

ஞாயிறு ஆராதனைக்குப் பெனினும் வந்தான். வாய் முழுக்க ஏலக்காய் அடக்கியிருந்தான். கடைசி பெஞ்சில் ஸ்டெனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேசபாய் இருக்கிற வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அனிஷின் முகத்தில் ரத்தமே இல்லை.

பிரசங்கம் முடிந்தது. ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது ஓலையை வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை உள்ளவர்கள் யாராவது இருந்தால் இப்போது சொல்லலாம்."

நேசபாய் எழுந்து நின்றார்.

கோவில் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பியது. அனிஷ் கண்ணை மூடிக்கொண்டான். ஐயர் தன் ஊழியத்தில் இப்படி ஒரு நாளைச் சந்தித்ததில்லை என்பதால், என்ன சொல்வதென்று தெரியாமல் புத்தகத்தைப் புரட்டினார். பெனின் ஏலக்காயை அப்படியே விழுங்கிவிட்டான்.

"தடை ஒண்ணும் இல்ல ஐயரே," என்றார் நேசபாய். "பொக்கேக்கு அந்தப் பிள்ளைக்க சட்டியில பூத்த நாலு பூ போதும். வேற ஒரு காரியம் சபைக்கு முன்னால சொல்லணும்."

"சொல்லுங்க."

"கல்யாணச் சாப்பாட்டுல எனக்க சம்மந்திக்க இலையில ஆரும் உப்பு வைக்கப்படாது. விளம்புதவிய எல்லாரும் கேட்டுக்கணும்."

கொயர் வரிசையில் டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஐயர் ஓலையை மடிக்கும் முன்பே, பெண்கள் பக்கத்திலிருந்து, முழு ஆராதனையிலும் அதுவரை கேட்காத அளவுக்கு உரக்க, ஒரு ஆமென் வந்தது. சொன்னது செல்லத்தாய்.